முறியும் முன்பே எச்சரிக்கும் மரங்கள்

புது தில்லி: 1964-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். தில்லிச் சாலை ஒன்றில் ஸ்கூட்டரில் சென்றுகொண்டிருந்த ஒருவரின் தலைமீது, சாலையோர வேப்ப மரத்தின் கிளை திடீரென முறிந்து விழுந்தது. அந்தக் காயத்தால் அவர் உயிரிழந்தார். நஷ்டஈடு கோரி அவருடைய குடும்பத்தார் தில்லி மாநகராட்சி மீது தொடுத்த வழக்கு உயர் நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. அப்போது ஆண்டு 1999. இடையில் 35 ஆண்டுகள் உருண்டோடிவிட்டன.

சாலையோர மரங்களை அவ்வப்போது ஆய்வு செய்து, காய்ந்து பட்டுப்போனவற்றையும், போவோர் வருவோருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய வகையில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளையும் அகற்றியிருக்க வேண்டியது மாநகராட்சியின் தோட்டக்கலைத் துறையின் கடமை. அதைச் செய்யத் தவறியது கவனக்குறைவே என்று அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கிளை முறிந்தது ஒரு நொடியில். ஆனால், அது காய்ந்துபோனது அந்த நொடியில் அன்று.

இந்தத் தீர்ப்பு வெளியாகிக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயினும், ஒவ்வொரு கோடையிலும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் தலைநகரின் சாலைகளில் பெருங்கிளைகள் முறிவதும் மரங்கள் சாய்வதும் தொடர்கின்றன. 2022 மே 30-ஆம் தேதி மாலை வீசிய கடும் புயற்காற்றில் தில்லி முழுவதும் ஏராளமான மரங்கள் வீழ்ந்தன. ஜாமா மசூதியின் நடுக் குவிமாடத்தின் கலசம் சேதமடைந்த அதே நாளில், அங்கூரி பாக் பகுதியில் அரச மரம் ஒன்று சாய்ந்து, வீடற்ற முதியவர் ஒருவர் உயிரிழந்தார். 2025 மே 2-ஆம் தேதி அதிகாலையில் வீசிய புயலில் நஜஃப்கர் அருகே கிராமம் ஒன்றில் மோட்டார் அறை மீது மரம் விழுந்து, அதில் தங்கியிருந்த தாயும் மூன்று குழந்தைகளும் மாண்டனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் தேதி கால்காஜியில் மழையின்போது பழமையான வேப்ப மரம் வேரோடு சாய்ந்து, மோட்டார் சைக்கிளில் சென்ற ஒருவரின் உயிரைப் பறித்தது. உடன் சென்ற மகள் படுகாயமடைந்தார்.

இது தில்லிக்கு மட்டுமே உரிய துயரம் அன்று. மும்பை செம்பூரில் 2017 ஜூலையில் சாலையில் நடந்து சென்ற பெண்மணி மீது தென்னை மரம் முறிந்து விழுந்த காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவாகி நாட்டையே உலுக்கியது. பெங்களூரில் 2025 ஜூனில் இரு சக்கர வாகனத்தில் சென்ற 29 வயது இளைஞர், தலையில் கிளை விழுந்து சில நாள்கள் மருத்துவமனையில் போராடி உயிரிழந்தார். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் வெளியாகும் அறிக்கைகளில் தவறாமல் இடம்பெறும் சொல் ஒன்று உண்டு. அது 'திடீரென' என்பது. உண்மையிலேயே இவை திடீரென நிகழ்பவைதாமா?

நூற்றாண்டு கண்ட நிழல்

புது தில்லியின் நிழற்சாலைகள் தாமாக வளர்ந்தவை அல்ல. தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்று 1911-இல் அறிவிக்கப்பட்ட பிறகு, கட்டடங்களுக்கு வரைபடம் போட்டதைப் போலவே மரங்களுக்கும் திட்டம் தீட்டப்பட்டது. எந்தச் சாலைக்கு எந்த மரம் என்று வகுத்து, தோட்டக்கலை நிபுணர் வில்லியம் மஸ்டோ போன்றோரின் மேற்பார்வையில் கன்றுகள் நடப்பட்டன. இன்று கர்த்தவ்ய பாதை என்று பெயர் மாற்றம் பெற்றுள்ள ராஜபாதையிலும் அசோகா சாலையிலும் நாவல், ஜன்பத்தில் மருதம், அக்பர் சாலையில் புளி, மந்திர் மார்க்கில் அரசு, லோதி சாலையில் வேம்பு. தமிழகத்திலிருந்து வருவோருக்கு இவற்றில் எதுவும் அந்நிய மரம் அன்று.

அந்த மரங்களில் பல இன்று நூறு வயதை எட்டிக்கொண்டிருப்பவை. சில அதையும் தாண்டிவிட்டன. காட்டில் நிற்கும் வேம்புக்கோ புளிக்கோ நூறு வயது முதுமை அன்று. ஆனால், நகரச் சாலையோர மரத்தின் ஆயுளைக் காட்டு மரத்தின் ஆயுளோடு ஒப்பிட இயலாது. வெப்பம், புகை, கெட்டித்துப்போன மண், அறுபட்ட வேர், முறையின்றி வெட்டப்பட்ட கிளை ஆகிய அனைத்தையும் தாங்கிக்கொண்டு அது நிற்கிறது.

அதன் நிழலில் ஒரு நகரமே பிழைப்பு நடத்துகிறது. கரிப்பெட்டியால் துணி தேய்ப்பவர், கண்ணாடியைக் கிளையில் மாட்டிவிட்டு முடி திருத்துபவர், தேநீர்க் கடைக்காரர், சோலே குல்ச்சா விற்பவர், ஆட்டோ ஓட்டுநர், காவலாளி என மே மாத வெயிலில் 45 டிகிரியைத் தொடும் நகரில் மரத்தடியே இவர்களுக்குக் கூரை. ஜூன் இறுதியில் நாவல் பழுக்கும்போது, பழத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் கீழே துணி விரித்துப் பிடிக்க, ஒருவர் மேலேறிக் கிளைகளை உலுக்குவது புது தில்லியின் பழகிய காட்சி. மரம் முறிந்தால் முதலில் அடிபடுவோரும் இவர்களே. வாகனத்துக்குள் இருப்பவருக்கு மேலே ஒரு தகட்டுக் கூரையாவது உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை.

ஒரு கிளையின் எடை எவ்வளவு இருக்கும் என்று பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 40 சென்டிமீட்டர் குறுக்களவும் 8 மீட்டர் நீளமும் சீரான பருமனும் உள்ள பச்சைக் கிளை ஏறத்தாழ ஒரு டன் எடை இருக்கும். சிறு கார் ஒன்றின் எடை அது. அவ்வளவு எடையும் பக்கவாட்டில் நீட்டிய நிலையில், ஒரு கவையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

உள்ளே நடப்பது என்ன?

மரத்துக்குக் காயம் ஆறுவது மனிதருக்கு ஆறுவதைப் போன்றதன்று. நம் உடலில் வெட்டுப்பட்ட இடத்தில் புதிய திசு வளர்ந்து காயம் மறைகிறது. மரமோ கெட்டுப்போன பகுதியைச் சரிசெய்வதில்லை. அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, வெளிப்புறமாகப் புதிய மரத்தை வளர்த்துக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாட்டில் அறுத்துப் பார்த்து 1970-களில் விளக்கிய உண்மை இது. அதுவரை பொந்துகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து சிமென்ட் இட்டு அடைப்பதே மர வைத்தியம் என்று கருதப்பட்டது. அவ்வாறு சுரண்டும்போது மரம் தானே எழுப்பிய தடுப்புச் சுவர் உடைந்து, அழுகல் புதிய பகுதிக்குப் பரவுகிறது என்பதை ஷைகோவின் ஆய்வு எடுத்துக்காட்டியது. தில்லியில் 'மர ஆம்புலன்ஸ்' வாகனங்களைக் கொண்டு பூஞ்சைக்கொல்லி தெளித்து, தெர்மோகோலும் கம்பிவலையும் வைத்துப் பூசி மெழுகும் சிகிச்சை செய்யப்பட்டு வந்துள்ளது. பார்வைக்கு அழகாகத் தோன்றும் அந்தப் பூச்சு, மரத்துக்கு வலிமை சேர்ப்பதில்லை. உள்ளே அழுகல் எவ்வளவு பரவியுள்ளது என்பதை மறைத்துவிடுவதும் உண்டு.

பொந்து விழுந்த மரமெல்லாம் ஆபத்தானது என்ற எண்ணமும் தவறு. குழாய் எவ்வாறு உள்ளீடற்றதாக இருந்தும் வலுவாக நிற்கிறதோ, அவ்வாறே மரமும் நிற்கும். அடிமரத்தின் ஆரத்தில் 70 சதவீதம் உள்ளே வெறுமையாகிவிட்டாலும், சுற்றியுள்ள வளையம் முழுமையாக இருந்தால் வளைவைத் தாங்கும் வலிமையில் ஏறத்தாழ கால் பங்குதான் குறையும். அதற்கு மேல் சுவர் மெலியும்போதும், ஒரு பக்கம் பொந்து வாய் திறக்கும்போதும் ஆபத்து வேகமாகக் கூடுகிறது. எனவே, கேட்க வேண்டிய கேள்வி 'பொந்து உள்ளதா?' என்பதன்று, 'மிச்சமிருக்கும் சுவர் எவ்வளவு?' என்பதே. ஹவுரா சிப்பூர் தாவரவியல் பூங்காவின் புகழ்பெற்ற ஆலமரத்தில் பூஞ்சை தாக்கிய அடிமரமே 1925-இல் அகற்றப்பட்டது. ஒரு நூற்றாண்டாக அம்மரம் தன் விழுதுகளின்மேல் வாழ்ந்து வருகிறது. நோயுற்ற பகுதியை அறிந்து அகற்றினால், மரத்தை இழக்க வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

வெட்டும் முறையே வினையாகிறது

கிளைகள் முறிய மிகப் பெரிய காரணங்களுள் ஒன்று, முன்பு நாமே செய்த வெட்டு. மின்கம்பியில் உரசுகிறது, விளக்கொளியை மறைக்கிறது, பெயர்ப்பலகையை மூடுகிறது என்று ஏதேனும் ஒரு காரணத்தால் மரம் பாதியில் மொட்டையடிக்கப்படுகிறது. வெட்டுவாயைச் சுற்றிச் சில மாதங்களில் கொத்துக் கொத்தாகப் போத்துகள் கிளம்புகின்றன. மரம் தழைத்துவிட்டது என்று நாம் மகிழ்கிறோம். ஆனால், இயல்பாக வளர்ந்த கிளையின் அடி ஆண்டுதோறும் அடிமரத்தின் வளையங்களோடு பின்னிப் பிணைந்து உறுதிபெறுவது. போத்தோ மேற்பட்டையை ஒட்டி மட்டுமே பிடித்திருப்பது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது தொடை பருமனாகிறது. அதற்குள் அதன் அடியில் இருக்கும் பழைய வெட்டுவாய் உளுத்துப்போயிருக்கும். காற்றோடு மழையும் சேரும் ஒரு நாளில் அது பிய்த்துக்கொண்டு வருகிறது.

கிளையை எங்கே வெட்டுவது என்பதும் முக்கியம். அது அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போன்ற தடிப்பு இருக்கும். அந்தத் தடிப்பைச் சேதப்படுத்தாமல் அதற்குச் சற்று வெளியே வெட்டினால் காயம் விரைவில் மூடிக்கொள்ளும். அடிமரத்தோடு ஒட்ட வழித்து வெட்டினாலும் ஆபத்து. முழ நீளக் கட்டையை விட்டு வெட்டினாலும் ஆபத்து. உள்பக்கச் சிறு கிளைகளையெல்லாம் கழித்துவிட்டு நுனியில் மட்டும் தழையை விட்டுவைப்பது இன்னொரு தவறு. துலாக்கோலின் நுனியில் எடைக்கல்லை மாட்டியது போல, பாரம் முழுவதும் நுனிக்குச் சென்றுவிடுகிறது.

இரண்டு பெருங்கிளைகள் சம பருமனில், குறுகிய கவையாக மேல்நோக்கி வளர்வதும் கவனிக்க வேண்டிய அறிகுறி. அகன்ற கவையில் மரத்தோடு மரம் பிணைகிறது. குறுகிய கவையிலோ இரண்டுக்கும் இடையில் பட்டை சிக்கிக்கொள்கிறது. ஒட்டியிருப்பது போலத் தோன்றினாலும் அங்கே ஒட்டு இல்லை. கன்றாக இருக்கும்போதே இரண்டில் ஒன்றைக் கத்தரியால் நீக்கிவிட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே வேலைக்குக் கிரேன் தேவைப்படுகிறது.

மரத்துக்கு மரம் இயல்பும் வேறு. முருங்கைக் கிளையை நம்பி ஏறக்கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. நகரங்களில் விரைவான வளர்ச்சிக்காகவும் அழகுக்காகவும் நடப்பட்ட மயில்கொன்றை, யூகலிப்டஸ் போன்றவையும் கிளை முறிவுக்குப் பேர்போனவை. புளி போன்ற மெல்ல வளரும் வைரம் பாய்ந்த மரங்கள் அவ்வளவு எளிதில் முறிவதில்லை.

வேரடியில் பரவிய சிமென்ட்

மேலே முறிவதற்கான காரணம் பல நேரங்களில் கீழே இருக்கிறது. நீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மண்ணின் மேலடுக்கிலேயே, கிளைகளின் விரிவையும் தாண்டிப் பரவியிருப்பவை. நடைபாதைக்கு ஓடு பதிக்கும்போது அடிமரத்தின் கழுத்துவரை கான்கிரீட் இட்டால், வேருக்கு நீரும் போகாது, காற்றும் போகாது. மழைநீர் வடிகால், மின்கேபிள், தொலைபேசிக் கேபிள் என்று ஒவ்வொரு துறையும் தன் பங்குக்குப் பள்ளம் தோண்டுகிறது. பள்ளத்தில் அறுபட்ட வேர் மண்ணால் மூடப்பட்டவுடன் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஆனால், அந்தப் பக்கத்துக் கிளைகள் ஓரிரு ஆண்டுகளில் நுனியிலிருந்து காயத் தொடங்கும். அறுபட்ட வாய் வழியே புகும் பூஞ்சை, அடிமரத்தை எட்டிவிடும்.

தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற வேண்டும், மரங்களில் அடிக்கப்பட்ட ஆணிகள், விளம்பரப் பலகைகள், கம்பிகள் ஆகியவற்றை நீக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் உத்தரவிட்டது. பல சாலைகளில் சிமென்ட் பெயர்க்கப்பட்டதும் உண்மை. நடைபாதை மறுபடி செப்பனிடப்படும்போது அது மீண்டும் அடிமரத்தை நெருங்குவதும் உண்மை.

காற்றில்லாத பகலில்

இத்தனை காரணங்களையும் மீறிய ஒரு வகை முறிவும் உண்டு. கடும் வெப்பமும், இலை அசையாத அமைதியும் நிலவும் பிற்பகலில், நோயோ பொந்தோ இல்லாத பெருங்கிளை சட்டென்று முறிந்து விழுகிறது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கலிஃபோர்னியா போன்ற இடங்களில் இது நெடுங்காலமாகக் கவனிக்கப்பட்டு, 'கோடைக் கிளை வீழ்ச்சி' என்று பெயரும் பெற்றுள்ளது. உலகின் தலைசிறந்த மர நிபுணர்கள் பணியாற்றும் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலேயே 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில் சீடர் மரக் கிளை முறிந்து விழுந்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். 2014-இல் முடிந்த மரண விசாரணையில் அது விபத்து என்றே முடிவு செய்யப்பட்டது.

வெப்பத்தால் மரத்துக்குள் நீரோட்டம் மாறுபடுவது, நீண்டகாலப் பாரத்தால் நார்கள் மெல்ல நெகிழ்வது என்று பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டாலும் எதுவும் ஐயமற நிரூபிக்கப்படவில்லை. ஆனால், ஒன்று தெளிவு. இவ்வாறு விழுபவை பெரும்பாலும் முதிர்ந்த மரங்களில் கிடைமட்டமாக நெடுந்தொலைவு நீண்ட கிளைகளே. எந்தக் கிளை எந்த நாளில் விழும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆயினும், அத்தகைய கிளையின் கீழே பூங்கா இருக்கையையோ, குழந்தைகளின் ஊஞ்சலையோ, பேருந்து நிறுத்தத்தையோ அமைக்காமல் இருப்பது நம் கையில்தான் உள்ளது. ஏற்கெனவே அமைந்துவிட்டால், மரத்தை வெட்டுவதைவிட இருக்கையை நகர்த்துவது எளிது.

சண்டீகர் தந்த பாடம்

2022 ஜூலை 8-ஆம் தேதி சண்டீகர் செக்டர் 9-இல் உள்ள கார்மல் கான்வென்ட் பள்ளியில் நடந்தது, இந்த விஷயத்தில் நாடு மறக்கக்கூடாத நிகழ்ச்சி. 250 ஆண்டுகள் பழமையானது என்று கருதப்பட்ட, பாரம்பரிய மரமாக அறிவிக்கப்பட்டிருந்த சுமார் 70 அடி உயர அரச மரம், இடைவேளையில் மாணவிகள் அதன் நிழலில் இருந்தபோது சாய்ந்தது. 16 வயது மாணவி ஒருவர் உயிரிழந்தார். பலர் காயமடைந்தனர். மற்றொரு மாணவியின் கையை அகற்ற நேர்ந்தது.

பாரம்பரிய மரம் என்ற அறிவிப்பின் நோக்கம் அதைப் பாதுகாப்பது. ஆனால், பாதுகாப்பு என்பது வெட்டாமல் விட்டுவைப்பதுடன் முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் எங்கு இட்டுச் செல்லும் என்பதை அந்த நாள் உணர்த்தியது. ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் நடந்த விசாரணை, மரத்தைப் பராமரிக்க வேண்டிய நிர்வாகத் துறையின் கவனக்குறைவைச் சுட்டிக்காட்டியது. உயிரிழந்த மாணவியின் குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாயும், கையை இழந்த மாணவிக்கு 50 லட்சம் ரூபாயும் இழப்பீடு வழங்குமாறு பஞ்சாப் - ஹரியாணா உயர் நீதிமன்றம் 2025-இல் சண்டீகர் நிர்வாகத்துக்கு உத்தரவிட்டது.

யார் பொறுப்பு?

இவ்விஷயத்தில் சட்டத்தின் நிலை என்ன? உச்ச நீதிமன்றமே இரண்டு ஆண்டு இடைவெளியில் இரு வேறு தீர்ப்புகளை அளித்துள்ளது. குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் 1975 மார்ச் மாதம் அலுவலகத்துக்கு நடந்து சென்ற ஒருவர்மீது சாலையோர மரம் விழுந்து அவர் இறந்தார். அவ்வழக்கில் 1997-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாநகராட்சிக்குப் பொறுப்பில்லை என்றது. மரம் பட்டுப்போனதாகவோ உளுத்ததாகவோ, அது மாநகராட்சிக்குத் தெரிந்திருந்ததாகவோ நிரூபிக்கப்படவில்லை என்பது அதன் முக்கியக் காரணம். முன்னர் குறிப்பிட்ட தில்லி வழக்கிலோ, காய்ந்துபோன கிளை கண்ணெதிரே நின்றது. எனவே, 1999-இல் மாநகராட்சி பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ஆபத்து அறியக்கூடியதாக இருந்ததா என்பதே கேள்வி. ஆனால், இதில் ஒரு விபரீதமும் ஒளிந்திருக்கிறது. ஆய்வே செய்யாத நிர்வாகம் 'எங்களுக்குத் தெரியாது' என்று கூறித் தப்பிக்க முயலும். ஆய்வு செய்து குறிப்பு எழுதிவைத்த நிர்வாகம் அந்தக் குறிப்பாலேயே மாட்டிக்கொள்ளும். பார்க்காதவருக்கு லாபம் என்ற நிலை இருக்கும்வரை எந்த அதிகாரியும் நிமிர்ந்து மரத்தைப் பார்க்க மாட்டார். பார்த்திருக்க வேண்டியதைப் பார்க்காததே தவறு என்று தில்லி வழக்கில் கூறப்பட்டதன் அருமை இங்கேதான் விளங்கும்.

தலைநகரில் மரம் யாருக்குச் சொந்தம் என்பதே பெரும் புதிர். ஒரு மரம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அது மாநகராட்சியுடையதாகவோ, புது தில்லி நகராட்சிக் கவுன்சிலுடையதாகவோ, பொதுப்பணித் துறை, மத்தியப் பொதுப்பணித் துறை, தில்லி வளர்ச்சி ஆணையம், கன்டோன்மென்ட், ரயில்வே ஆகியவற்றில் ஒன்றுடையதாகவோ இருக்கலாம். வெட்ட அனுமதி அளிப்பதோ வனத்துறையின் மர அதிகாரி. சாய்ந்து நிற்கும் கிளையைப் பற்றிப் புகார் கூறச் செல்லும் குடிமகன், முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை ஆராய்ந்து அறிய வேண்டியிருக்கிறது.

1994-ஆம் ஆண்டின் தில்லி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், அனுமதியின்றி மரத்தை வெட்டுவதைத் தடை செய்கிறது. அதேவேளையில், உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து இருந்தால் முதலில் நடவடிக்கை எடுத்துவிட்டு, 24 மணி நேரத்துக்குள் மர அதிகாரிக்குத் தெரிவிக்கவும் அது வழிவகை செய்கிறது. இந்தச் சலுகையை அறிந்தோர் குறைவு. அறிந்தும் பின்னர் வழக்கு வருமோ என்று அஞ்சுவோர் மிகுதி. மறுபுறம், 'ஆபத்து' என்ற சொல்லையே கோடரிக்குக் கைப்பிடியாக்கிக்கொள்வோரும் உண்டு. சுற்றளவு 15.7 சென்டிமீட்டர் வரையுள்ள கிளைகளைத் தனி அனுமதியின்றிக் கழிக்கலாம் என்றிருந்த வழிகாட்டு நெறியை தில்லி உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் ரத்து செய்ததற்கு, கிளை கழித்தல் என்ற பெயரில் மரங்கள் மொட்டையடிக்கப்பட்டதே பின்னணி.

ஆக, விபத்து நடந்த மறுவாரம் கண்மூடித்தனமான வெட்டு. மற்ற நாள்களில் கண்டும் காணாமை. இவ்விரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஆய்வு என்ற ஒன்றுதான் காணாமல் போயிருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

முதல் தேவை கணக்கு. தில்லியில் மரங்களைக் கணக்கெடுக்க டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையை நாடுமாறு உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட மரங்களை வெட்டுவதற்கான அனுமதியையும் மத்திய அதிகாரக் குழுவின் பரிசீலனைக்கு உட்படுத்தியது. அக்கணக்கெடுப்பு எத்தனை மரங்கள் என்ற எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது. எந்த மரம், என்ன வயது, என்ன குறை, அதன்கீழே யார் இருக்கிறார்கள், கடைசியாக யார் எப்போது பார்த்தார்கள் என்ற விவரமும் அதில் வேண்டும்.

எல்லா மரங்களையும் கருவிகளைக் கொண்டு சோதிப்பது இயலாத காரியம், தேவையும் இல்லை. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம், பூங்கா, சந்தை ஆகியவற்றை ஒட்டி நிற்கும் முதிர்ந்த மரங்களைக் கோடைக்கு முன்பும் மழைக்காலத்துக்குப் பின்பும் பயிற்சி பெற்ற ஒருவர் சுற்றிவந்து பார்த்தாலே பெரும்பாலான ஆபத்துகள் தெரிந்துவிடும். சுத்தியலால் தட்டினால் வரும் ஓசையில் உள்ளே வெறுமையா என்பதை ஓரளவு அறியலாம். ஐயத்துக்கு இடமான மரங்களுக்கு மட்டும் ஒலியலைக் கருவியையும், மெல்லிய ஊசித் துளைப்பானையும் பயன்படுத்தினால் போதும். குறை கண்ட இடத்திலும் மரத்தை வெட்டுவது கடைசி வழியே. நுனிப் பாரத்தைக் குறைப்பது, கிளைக்கு முட்டுக் கொடுப்பது, அடியில் உள்ள இருக்கையையோ கடையையோ நகர்த்துவது ஆகியவை அதற்கு முன்பு செய்யத்தக்கவை. மரம் கழிப்போர் தினக்கூலியாக அரிவாளோடு வருபவர்களாகவே இருக்கும்வரை இது நடவாது. மர மருத்துவம் ஒரு தனித் தொழிலாக, முறையான படிப்பும் சான்றிதழும் உடையதாக வளர வேண்டும்.

பொதுமக்களும் சில அறிகுறிகளைக் கண்டுகொள்ளலாம். மற்றக் கிளைகள் பசுமையாக இருக்க ஒரு கிளை மட்டும் இலையுதிர்த்துக் காய்வது, அடிமரத்திலோ வேரடியிலோ தட்டுத் தட்டாகக் காளான் முளைப்பது, கவையில் விரிசல் விட்டு நீர் கசிவது, சாய்ந்து நிற்கும் மரத்தின் எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்து மேலெழும்புவது, பட்டை உரிந்து உள்மரம் வெளியே தெரிவது ஆகியவை அவை. அந்தக் கிளையின் கீழே வண்டியை நிறுத்தாமலும், புகாரை வாய்மொழியாக விடாமல் எழுத்தில் தந்து ரசீது பெறுவதும் நல்லது. எழுத்தில் வந்த புகாருக்குப் பிறகு 'தெரியாது' என்று எந்த நிர்வாகமும் கூற முடியாது.

மரங்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தில்லி மரங்களால் இறப்போரைவிட, நிழலின்றி வெயிலில் வாடுவோர் பல மடங்கு. மரங்களை வெட்டித் தீர்த்த நகரம் பாதுகாப்பான நகரம் ஆகிவிடாது. ஆனால், மரத்தை நட்டவர்கள் அதை வளர்க்கும் கடமையையும், வளர்ந்ததை முதுமையில் கவனிக்கும் கடமையையும் சேர்த்தே ஏற்கிறார்கள்.

1964-இல் ஒரு கிளை முறிந்ததற்கு நியாயம் கிடைக்க 35 ஆண்டுகள் ஆயின. ஒரு மரத்தைச் சுற்றி நடந்து, நிமிர்ந்து பார்த்து, குறிப்பு எழுத அரை மணி நேரம் போதும்.